ஒற்றைக்காதரின் எல்லைக்கோடு

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் அவர் ஒற்றைக்காதர். காது இரண்டும் நல்ல காதுதான். ஆனால் வலது காதில் எந்நேரமும் ஓர் இயர்போன் செருகியிருக்கும். அதன் வயர் சட்டைப்பைக்குள் இருக்கும் குட்டி ரேடியோவில் போய் முடியும். பேச வருகிறவர்கள் இடது பக்கமாக வந்து நிற்கப் பழகியிருந்தார்கள். முடிவெட்டுகிறவர்கூட வலது பக்கம் வரும்போது, "அண்ணே, ரெண்டு நிமிஷம் ஒலிபரப்பை நிறுத்திக்கலாமா?" என்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் கத்திரியைக் கொண்டுபோவார்.

ஊரிலிருந்த சின்ன எஃப்.எம். நிலையத்தில் அவர் டெக்னீஷியன். ஸ்டூடியோ கடைவீதியில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில். கோபுரமும் டிரான்ஸ்மிட்டரும் ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல். அங்கே ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஆள் உயர இரும்புப் பெட்டி ஒன்று, அதன் சூட்டைத் தணிக்க இரண்டு பெரிய மின்விசிறிகள், ஒரு நாற்காலி. நாற்காலி புதுசு மாதிரியே இருந்தது, ஏனென்றால் அவர் அதில் உட்கார்ந்ததே இல்லை. அவருக்கு உட்காரத் தெரியாது. உட்கார வைத்தாலும் கால் ஆடும். கல்யாணத்தன்று எடுத்த போட்டோவில் மணப்பெண் நேராகப் பார்க்கிறாள், மாப்பிள்ளை மட்டும் வாசல் பக்கம் தலையைத் திருப்பி ஏதோ காதில் வாங்குகிறார்.

இந்தப் பதற்றம் பிறவியில் வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு மத்தியானம் சினிமாவுக்குப் போய் நிம்மதியாக இடைவேளை வரை பார்த்தார். அந்த நேரம் பார்த்து டிரான்ஸ்மிட்டர் படுத்துவிட்டது. முதலாளி தியேட்டருக்கே ஆளனுப்பி, திரையில் பெயர் போட்டுக் கூப்பிட வைத்தார். அன்று காதில் செருகியதுதான், பிறகு எடுக்கவே இல்லை. ஊர் ஒலிக்கிறதா என்று ஒரு காது கேட்டுக்கொண்டே இருக்கும். மிச்சமிருந்த காதில்தான் குடும்பம் நடந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரே மகள், "அப்பாகிட்ட ரகசியம் சொல்லணும்னா வலது பக்கம் போய்ச் சொல்லணும். யாருக்கும் போய்ச் சேராது" என்பாள்.

இதில் பெரிய வம்பு ஒன்று இருந்தது. அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த பக்கத்து ஊரிலும் ஓர் எஃப்.எம். நிலையம். அதற்கும் அதே எண்தான், நூற்றொன்று புள்ளி ஆறு. உரிமம் கொடுத்த அலுவலகத்தில் யாரோ வரைபடத்தைப் பார்த்து, நடுவில் மலை இருக்கிறது, ஒன்று இன்னொன்றின் பக்கம் எட்டிப் பார்க்காது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். வரைபடத்தில் மலையாக இருந்தது நேரில் ஒரு மேடு. ஆடுகள் மூச்சு வாங்காமல் ஏறி இறங்கும். எண் ஒன்றாய்ப் போனது போதாதென்று பாட்டும் ஒன்றாய்ப் போனது. இரண்டு நிலையத்திலும் விடிந்தால் பழைய பாட்டு, அடைந்தால் பழைய பாட்டு. யாராவது பேசினால்தான் எந்த நிலையம் என்று தெரியும். பாடும்போது பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது.

எது பலமாகக் கேட்கிறதோ அதைத்தான் ரேடியோ பிடிக்கும். இரண்டு ஊருக்கும் நடுவே நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் ஒரு பாட்டு பாதியில் நின்று இன்னொரு பாட்டு பாதியில் தொடங்கும். அந்த இடம்தான் ஒற்றைக்காதரின் எல்லைக்கோடு. முப்பதாவது கிலோமீட்டரில் இருந்த பெட்ரோல் பங்க்கை ஒட்டி அது முன்னும் பின்னும் நகரும். வெயில், மழை, பனி எல்லாவற்றுக்கும் நகரும். ஞாயிற்றுக்கிழமைதோறும் பைக்கில் போய் அது எங்கே இருக்கிறதென்று பார்த்து, சாலையோரச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வருவார். கோடு பத்தடி அந்தப் பக்கம் போயிருந்தால் அன்று வீட்டில் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பார். பத்தடி இந்தப் பக்கம் வந்திருந்தால் உப்பு அதிகம் என்பார். பக்கத்து ஊர் நிலையத்தின் டெக்னீஷியனுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'எதிர்க்கட்சி'. பதினெட்டு வருடமாகப் போனில் மட்டும்தான் பழக்கம். முகம் பார்த்ததில்லை.

ஒற்றைக்காதரின் மனைவி அவருடைய நிலையத்திலேயே அறிவிப்பாளர். துணிக்கடை விளம்பரம் ஒன்றைப் படிக்க வந்தவளை, குரல் பிடித்துப்போய் முதலாளி நிறுத்திக்கொண்டார். குரல் பிடித்துப்போனது முதலாளிக்கு மட்டுமில்லை என்பது ஆறு மாதத்தில் ஊருக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருடமாக மத்தியானம் மூன்றிலிருந்து நான்கு வரை அவளுடைய நேரம். "நேரம் மூன்று மணி. வேலையை ஓரமா வைங்க, காதை மட்டும் குடுங்க" என்று தொடங்குவாள். பாட்டுக்கு நடுவே ஊர் விஷயம் வரும். தையல்கடைக்காரர் மகளுக்குப் பரீட்சை, மாடி வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைக்க வேண்டும். பஸ்ஸில் ஒரு குடை கிடந்தது, கைப்பிடியில் கிளி மூக்கு. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் மூணு மணி அக்கா.

வீட்டுக்கு வந்ததும் தினமும் கேட்பாள்: "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

"சிக்னல் நல்லா இருந்துச்சு."

"நான் எப்படி இருந்தேன்னு கேட்டேன்."

"லெவல் சரியா இருந்துச்சு" என்பார் அவர். பாராட்டிவிட்ட திருப்தி முகத்தில் தெரியும். அவள் ஒரு நிமிடம் அந்த முகத்தையே பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்த வருடம் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். நாள் முழுக்க அதுவே பாட்டுப் போடும், நேரமும் சொல்லும். "ஜனங்களுக்குப் பாட்டு போதும்மா. பேச்சை யாரு கேக்கறா?" என்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். அவளுக்குக் கடைசி நிகழ்ச்சி ஒரு வெள்ளிக்கிழமை என்று முடிவானது. நேயர்களிடம் விடைபெற்றுக்கொள்ள ஒரு மணி நேரம்.

அவள் ஒரு வாரமாக ஒரு நோட்டில் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். எட்டிப் பார்த்தால் மூடிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது, "மூணு மணிக்கு ஸ்டூடியோ பக்கம் வந்துடாதீங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்க முகத்தைப் பார்த்தா எனக்குப் பேச்சு வராது" என்றாள்.

"நான் ஏன் வரேன்?" என்றார். அவர் மனதில் வேறு ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு என்ன கொடுப்பதென்று அந்த வாரமெல்லாம் அவருக்குத் தூக்கமில்லை. பூங்கொத்து, புடவை எதுவும் அவர் கைக்கு வராத சமாச்சாரங்கள். அவர் கைக்கு வருவது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்குக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் செய்யாததைச் செய்தார். அனுமதித்த அளவைத் தாண்டி டிரான்ஸ்மிட்டரின் பவரை ஏற்றினார். முள் சிவப்புக்குள் போனது. மின்விசிறிகள் முக்கின. பக்கத்தில் நின்று அரை மணி நேரம் பார்த்தார். தாங்கியது. இன்று அவள் குரல் பங்க்கைத் தாண்டும், எதிர்க்கட்சியின் மண்ணில் போய் நிற்கும். அதைத் தன் காதால் கேட்க வேண்டும். போனைச் சார்ஜில் போட்டிருந்தவர் அதை அங்கேயே மறந்துவிட்டு பைக்கை எடுத்தார்.

சாலையில் பாட்டு மேல் பாட்டாக வந்தது. வழியில் ஒரு லாரி ஹாரனை அலறவிட்டுத் தாண்டியபோது ஒரு பாட்டு பாதியில் மாறியதை அவர் கவனிக்கவில்லை. பங்க்கை நெருங்கும்போது மணி இரண்டே முக்கால். சுவரில் போன வாரத்துக் கோடு. நிற்காமல் தாண்டினார். பாட்டு அறுபடவில்லை. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர். அறுபடவில்லை. போகப் போக இன்னும் தெளிவாகக்கூடக் கேட்டது. மனிதர் பைக்கிலேயே கூவினார். எதிரே வந்த லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார். நான்காவது கிலோமீட்டரில் ஆற்றுப் பாலம். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஐம்பத்தெட்டு.

தன் நிலையத்தை விட்டுத் தூரம் போகப் போக எப்படியப்பா தெளிவாகக் கேட்கும் என்று ஒரு பள்ளிக்கூடப் பையன்கூடக் கேட்டிருப்பான். அவர் கேட்கவில்லை. சந்தோஷம் வந்தால் அனுபவம் எல்லாம் வண்டியின் பின்சீட்டுக்குப் போய்விடுகிறது.

மூன்று மணிக்குப் பாட்டு முடிந்தது. "வணக்கம் நேயர்களே! சாப்டாச்சா?" என்றது ஓர் ஆண்குரல்.

எதிர்க்கட்சியின் அறிவிப்பாளன். ஒற்றைக்காதருக்கு முதலில் பெரிதாகப் படவில்லை. பாலம் வரை என்பது கொஞ்சம் பேராசைதான், எல்லை பின்னால் எங்கேயோ இருக்கிறது, இதோ பிடித்துவிடலாம் என்று வண்டியைத் திருப்பினார். முதல் கிலோமீட்டரில் அந்தப் பையன்தான் சிரித்துக்கொண்டிருந்தான். பங்க்கிலும் அவன்தான்.

பெட்ரோல் போடும் பெண்ணுக்கு அவரை நன்றாகத் தெரியும். அவளே பக்கத்தில் வந்தாள்.

"என்னண்ணே, இன்னைக்குக் கோடு எங்க? ரெண்டு மணிக்கு உங்க ஸ்டேஷன் சும்மா கணீர்னு கேட்டுச்சு. அப்புறம் பட்டுன்னு அவங்க வந்துட்டாங்க."

"எப்போ?"

"ரெண்டரைக்கு மேல இருக்கும். ஏன்ணே, அக்கா இன்னைக்குக் கடைசியா பேசறாங்கன்னு சொன்னாங்களே. எனக்குக் கேக்கவே இல்லையே?"

வண்டியை முடுக்கினார். இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் தண்ணீர்த் தொட்டி. அங்கே எதிர்க்கட்சி ஒருநாளும் வந்ததில்லை. இப்போது பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. பேட்டரி போய்விட்டதோ என்று ரேடியோவைத் தட்டினார். இயர்போன் வயரை நீவி நேராக்கினார். வயர்தான் ஏரியல், வளைந்திருந்தால் இப்படி ஆகும் என்று தனக்குத்தானே பாடம் சொன்னார். இருபதாவது கிலோமீட்டரில்தான் அவருக்குப் புரிந்தது. ஏற்றிய பவரில் டிரான்ஸ்மிட்டர் சூடேறி அணைந்துவிட்டது. இவர் கோட்டைத் தாண்டியதாகக் கும்மாளம் போட்டபோது இந்தப் பக்கம் நிலையமே இல்லை.

அதைவிட மோசம், அது யாருக்கும் தெரியாது. ஸ்டூடியோவில் அவள் ஹெட்போனில் கேட்பது மைக்கிலிருந்து நேராக வருவது. வெளியே போகிறதா என்பதை ஹெட்போன் சொல்லாது. வெளியே காதை வைத்துக் கேட்டுச் சொல்லத்தான் அவர் இருக்கிறார். முன்னறையில் மெல்லப் பாடும் ரேடியோவும் அந்த ஊர்ப் பாட்டைத்தான் பாடும். பழைய பாட்டு கேட்கிறது, எல்லாம் நலம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவள் இப்போது பேசிக்கொண்டிருப்பாள். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். போனுக்காகச் சட்டைப்பையைத் தடவினார். இல்லை. வழியில் யாரிடமாவது கேட்கலாமென்றால் ஸ்டூடியோ போன் எண் மனப்பாடமில்லை. அதிர்வெண் எல்லாம் தலைகீழாகத் தெரியும், வீட்டு எண்ணே தெரியாது. பைக் பறந்தது. காதுக்குள் அந்தப் பையன் ஒரு நகைச்சுவைத் துணுக்கு சொல்லி அவனே சிரித்தான். இயர்போனைப் பிடுங்கி எறியலாம் போல் ஆத்திரம் வந்தது. எறியவில்லை. எந்த நிமிடமும் தன் நிலையம் திரும்பிவிடலாம் என்ற நப்பாசை.

குன்றின் மேல் ஏறும்போது மூன்றே முக்காலைத் தாண்டிவிட்டது. கொட்டகைக்குள் அனல் அடித்தது. ஒரு விசிறி சிறகு கருகி நின்றிருந்தது. பவரைப் பழைய அளவுக்கு இறக்கினார். சூடு தணியாமல் அதை மறுபடி இயக்கும் பொத்தான் பிடிக்காது. அட்டையை எடுத்து விசிறினார். இத்தனை வருட அனுபவமுள்ள டெக்னீஷியன் இரும்புப் பெட்டிக்கு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். மூன்று ஐம்பத்தாறுக்குப் பொத்தான் பிடித்தது. காதில் அந்தப் பையன் பாதிச் சொல்லில் மறைந்தான். இவர்கள் பாட்டு வந்தது. அது முடிந்ததும் அவள் குரல், கொஞ்சம் கரகரத்து, "நேரம் நான்கு மணி. வணக்கம்" என்றது.

அவ்வளவுதான். ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அந்த நான்கு சொல்.

நாற்காலி மேல் சார்ஜில் கிடந்த போன் துடித்தது. எதிர்க்கட்சி. ஒன்பது தவறிய அழைப்புகள், எல்லாம் அவருடையவை.

"என்ன சார், எங்க போயிட்டீங்க? மூணு மணியிலேர்ந்து உங்க ஊர்க்காரங்க எங்க போனைக் கிழிச்சுத் தோரணம் கட்டிட்டாங்க. நம்ம பையன் எங்க நம்பரைத்தானே சொல்லிட்டு இருக்கான், அதைக் கேட்டுட்டு எங்களுக்கே அடிச்சுட்டாங்க. பதினொரு பேர்! ஒரு அம்மா, 'எங்க அக்காவை என்னடா பண்ணே?'ன்னு கேட்டாங்களாம். பையன் வெலவெலத்துப் போயிட்டான்."

"பதினொரு பேரா?"

"யார் யாருன்னு எழுதி வச்சிருக்கேன்" என்று ஒவ்வொருவராகப் படித்துக் காட்டியது எதிர்க்கட்சி. "பவரை ஏத்திட்டீங்களா சார்?"

"ஆமா."

"நானும் ஒரு தடவை ஏத்தினேன், எங்க பொண்ணு பாடினப்போ" என்றது எதிர்க்கட்சி. குரல் இறங்கியிருந்தது. "நீங்க போய் வீட்டம்மாவைப் பாருங்க."

ஸ்டூடியோ முன்னறையில் அவள் போன் இருந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பேனாக்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். முதலாளி அப்போதுதான் தோளில் தட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். "மனசுல வச்சுக்காதேம்மா. காலம் அப்படி" என்றது படியில் கேட்டது.

"மூணு தடவை நம்பர் சொன்னேன்" என்றாள் அவள். "பேசணும்னு தோணினா கூப்பிடுங்கன்னு. ஒருத்தர்கூடக் கூப்பிடல. இருபத்திரெண்டு வருஷம் சுவத்துகிட்ட பேசியிருக்கேன். முதலாளி சொன்னது சரிதான் போல."

அந்தப் பதினொரு பேரும் அவர் சட்டைப்பைக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி கனத்தார்கள். அவளிடம் அவர்களைக் கொடுத்தால் தான் செய்ததையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். "மிஷின்ல ஒரு கோளாறு..." என்று ஆரம்பித்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் நிற்கவில்லை.

"நான்தான். பவரை ஏத்தினேன். ரெண்டரைக்கு மேல எப்பவோ அணைஞ்சுபோச்சு. நீ பேசினது எதுவும் வெளிய போகல."

"எதுவுமா?"

"கடைசி நாலு வார்த்தை போச்சு."

"எதுக்கு ஏத்தினீங்க?"

"உன் குரல் பங்க்கைத் தாண்டணும்னு. நான் பாலத்துல நின்னு கேட்கலாம்னு போனேன்."

அவள் எழுந்தே விட்டாள். அவளுக்குக் கோபம் வந்து அவர் பார்த்தது ரொம்ப நாளாகிறது. "பாலத்துல எனக்கு யாரு இருக்கா? இந்தத் தெருவோடதானே நான் பேசிட்டு இருந்தேன்? நாலு கட்டடம் தள்ளி இருக்கற தையல்கடைக்கு என் குரல் போகல, உங்களுக்குப் பாலம் கேக்குதா? எப்பப் பாரு தூரம், தூரம்! பக்கத்துல இருக்கறது எதுவும் உங்க காதுல விழுந்திருக்கா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "தையல்கடைக்காரர் கூப்பிட்டிருக்கார். அந்த ஊருக்கு. எங்க அக்கா எங்கன்னு கேட்டிருக்கார்." கேட்டவர்களை ஒவ்வொருவராகச் சொன்னார். முடிவெட்டுகிறவர். பஸ் கண்டக்டர். கிளி மூக்குக் குடையைத் திரும்பப் பெற்ற அம்மா, அந்த அம்மாதான் பையனை 'டா' போட்டது. பதினொன்று வரை அவள் நின்றுகொண்டே கேட்டாள். குடைக்கார அம்மாவுக்கு மட்டும் லேசாகச் சிரிப்பு வந்தது. அதை உடனே அடக்கிக்கொண்டாள்.

"பதிவு இருக்குமே!" என்று திடீரென்று நினைவு வந்து உள்ளே ஓடினார். ஒலிபரப்பாகும் எல்லாவற்றையும் பதிந்து வைக்கும் பெட்டி ஒன்று மூலையில் இருந்தது. அதுவும் வெளியே ஏரியல் வைத்துப் பிடிக்கிற பெட்டி, அவரே பொருத்தியது. ஓடவிட்டார். "வணக்கம் நேயர்களே! சாப்டாச்சா?" என்றான் அந்தப் பையன். நிறுத்தினார்.

"ஆக, அது எங்கயுமே இல்ல" என்றாள் வாசற்படியில் நின்றபடி. "உங்களைப் பத்திக்கூட ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன்."

"என்ன எழுதியிருந்தே?"

அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு மைக் இல்லாத பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். கால் ஆடத் தொடங்கியது. இயர்போனில் கம்ப்யூட்டர் போட்ட பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

"அதை எடுங்க" என்றாள்.

எடுத்தார். வயரைச் சுற்றி ரேடியோவோடு மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். நிலையம் ஒலிக்கிறதா, அணைந்துவிட்டதா என்று இனி அவருக்குத் தெரியாது. வலது காதில் காற்று பட்டது புதிதாக இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நேரம் மூன்று மணி" என்றாள். "வேலையை ஓரமா வைங்க, காதை மட்டும் குடுங்க."